இந்தியன் செட்டா, கல்ஃப் செட்டா: எப்படிக் கண்டுபிடிப்பது?

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்க வேண்டும். புதுசுக்குக் காசு பத்தாது, அதனால் பழைய செட் பார்க்கிறேன். பாலக்காட்டில் ஒரு கடையில் சாம்சங் எஸ்23 காட்டினார்கள். பெட்டி இருக்கிறது, பில் இல்லை. "இது சுத்தமான இந்தியன் செட், அதனால்தான் இந்த விலை" என்கிறார் கடைக்காரர். எங்கள் தெருவிலேயே ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்த மாமா ஒருவரும் அதே மாடலைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவர் நேராகவே "கல்ஃப் செட்தான் மோளே" என்று சொல்லிவிட்டார். கடை விலையைவிட நாலாயிரம் ரூபாய் குறைவு.

நம்ம பக்கம் கல்ஃபில் ஆள் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வரும் போன்தான் சந்தையில் பாதி. அதனால் இந்தக் கேள்வி எனக்கு மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். கடைக்காரர் சொல்வது உண்மையா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? கல்ஃப் செட் வாங்கினால் இங்கே என்ன கஷ்டம் வரும்? அப்பா ஒரு சிம் ஜியோ, இன்னொன்று பிஎஸ்என்எல் வைத்திருக்கிறார். தோப்புக்குள் பிஎஸ்என்எல் மட்டும்தான் எடுக்கும்.

குமுளிக்காரர் (குமுளி)

ரொம்பச் சுலபம் தங்கச்சி. *#06# போட்டால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். அதில் ஏழாவது, எட்டாவது எண்ணைப் பாருங்கள். 00 என்றால் அசல் கம்பெனித் தயாரிப்பு. 02 அல்லது 20 என்றால் அமீரகத்தில் செய்தது, தரம் குறைவு. 13 வந்தால் வாங்கவே கூடாது. நான் எப்போதும் இதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

குமுளி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் செய்தி எஸ்எம்எஸ் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நம்பி நல்ல போனை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் என் ரிப்பேர் கடைக்கே வந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அந்த இரண்டு இலக்கத்துக்கும் அர்த்தம் இருந்தது. ஐஎம்இஐ எண்ணில் முதல் 6 இலக்கம் மாடலுக்கான அனுமதி எண், அடுத்த 2 இலக்கம் கடைசியாகப் பூட்டிய தொழிற்சாலையின் எண் என்று வைத்திருந்தார்கள். 2002 முடிவோடு அந்த முறை போய்விட்டது. 2003 தொடக்கத்திலிருந்து 2004 ஏப்ரல் வரை எல்லாப் போனுக்கும் அந்த இடத்தில் 00 போட்டார்கள். அதற்குப் பிறகு முதல் 8 இலக்கமும் சேர்ந்தே அனுமதி எண். ஆக, இன்றைக்கு நம் கையில் இருக்கும் எந்த ஸ்மார்ட்போனிலும் 7, 8ஆம் இலக்கம் தொழிற்சாலையையும் காட்டாது, தரத்தையும் காட்டாது. அமீரகத்தில் செய்தது என்ற பேச்சும் சரியில்லை. அங்கே விற்கிற போன்கள் கொரியா, வியட்நாம், சீனா, இந்தியா என்று வெளியில் செய்து போகிறவை.

முதல் இரண்டு இலக்கத்தை வைத்து நாடு சொல்கிறவர்களும் உண்டு. 35 என்று தொடங்கினால் இங்கிலாந்து செட், 86 என்றால் சீனா செட் என்பார்கள். அது அந்த எண்ணை ஒதுக்கிக் கொடுத்த அமைப்பின் அடையாளம் மட்டுமே. இந்தியாவில் விற்கும் எத்தனையோ போன்கள் 35, 86 இரண்டிலும் தொடங்குகின்றன.

ஐஎம்இஐ வேறு ஒரு காரியத்துக்கு மிகவும் அவசியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். முதலில் மாடல் எண். சாம்சங்கில் செட்டிங்ஸ் போய் அபவுட் போன் தட்டினால் தெரியும். எஸ்23 என்றால்:

எஸ்எம்-எஸ்911பி: இந்தியா, ஐரோப்பா, வளைகுடா எல்லாம் இதுதான்.
எஸ்எம்-எஸ்911யு அல்லது யு1: அமெரிக்கா.
எஸ்எம்-எஸ்911டபிள்யூ: கனடா.
எஸ்எம்-எஸ்911என்: கொரியா.
எஸ்எம்-எஸ்9110: சீனா, ஹாங்காங்.

அமெரிக்க செட், கொரிய செட் என்றால் இங்கேயே பிடிபட்டுவிடும். ஆனால் இந்தியாவுக்கும் ஷார்ஜாவுக்கும் ஒரே பி என்பதால் உங்கள் கேள்விக்கு இது போதாது. அதற்கு சிஎஸ்சி பார்க்க வேண்டும். சாம்சங் ஒவ்வொரு நாட்டுச் சந்தைக்கும் வைத்திருக்கும் மூன்றெழுத்துக் குறி அது. அபவுட் போன், அதில் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், அதில் சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். அங்கே சாய்வுக்கோடு போட்டு மூன்று குறிகள் வரும். இந்தியாவில் வாங்கி இந்தியாவிலேயே ஓடிய போனில் பெரும்பாலும் மூன்றும் ஐ-என்-எஸ் என்றே இருக்கும். அமீரகம் எக்ஸ்-எஸ்-ஜி. சவுதி கே-எஸ்-ஏ. சிங்கப்பூர் எக்ஸ்-எஸ்-பி. மலேசியா எக்ஸ்-எம்-இ. இங்கிலாந்து பி-டி-யு. ஜெர்மனி டி-பி-டி. மூன்றில் ஒன்றாவது ஐ-என்-எஸ் இல்லாமல் இருந்தால் கடைக்காரரிடம் காரணம் கேளுங்கள்.

வாளையார் பையன் (வாளையார்)

அண்ணா, எங்கள் ஊர்க் கடையில் பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். "மேட் இன் இந்தியா" என்று போட்டிருந்தால் இந்தியன் செட், "மேட் இன் வியட்நாம்" என்றால் வெளிநாட்டு செட். அது சரியா? இன்னொரு கடையில், செட்டிங்ஸில் தமிழ் மொழி இருந்தால் இந்தியன் செட் என்றார்கள்.

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

இரண்டுமே சரியில்லை தம்பி. வெளிநாட்டுக்குச் செய்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் தமிழ் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் போன்களில் 22 மொழிகளையும் படிக்க முடிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வாஸ்தவம். அதற்காக மற்ற நாட்டுப் போன் எல்லாவற்றிலும் தமிழ் இருக்காது என்று ஆகிவிடாது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எங்கே செய்தது என்பதைப் பற்றி சத்தியவேட்டுக்காரர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும். அவர் அந்த வேலையிலேயே இருந்தவர்.

சத்தியவேடு (சத்தியவேடு, ஆந்திரா)

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணா. எங்கள் சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா பக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். தமிழ் பேசுகிற வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். 2015இல் ஷியாவ்மி இந்தியாவில் முதன்முதலாகப் போன் செய்யத் தொடங்கியது ஸ்ரீசிட்டியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில்தான். ரெட்மி 2 பிரைம் அப்படி வந்த போன். அந்தக் காலத்தில் "மேட் இன் இந்தியா" என்றால் அநேகமாக இந்தியாவில் விற்கத்தான் செய்தார்கள். இங்கே செய்தது என்றாலே இங்கே விற்றது என்ற எண்ணம் அப்போது வந்தது. அது இன்னும் மக்கள் மனதிலிருந்து போகவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோலார் பக்கத்து நரசாபுரத்திலும் ஐபோன் பூட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடு போகிறது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை ஜூன் காலாண்டில் இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று 2025 மே மாதம் ஆப்பிள் தலைவர் டிம் குக்கே சொன்னார். அப்படியென்றால் "அசெம்பிள்டு இன் இந்தியா" என்று போட்ட அமெரிக்க செட் ஊரெல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் அதை அங்கே வாங்கிக் கொண்டுவந்து இங்கே விற்றால், அந்த வரியை மட்டும் பார்ப்பவர் இந்தியன் செட் என்று ஏமாறுவார். சாம்சங்கும் அப்படித்தான். எஸ்23ஐ இந்தியச் சந்தைக்காக நொய்டாவில் செய்தார்கள். வெளிநாட்டுச் சந்தைக்கும் நொய்டாவிலிருந்து போன்கள் போகின்றன.

நான் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுத வேண்டாம். போன் எந்த நாட்டுக்குப் போகிறது என்பது எங்களுக்குப் பெட்டி லேபிளில்தான் தெரியும். உள்ளே போகிற சார்ஜர் முள்ளும் கையேட்டின் மொழியும் மாறும். போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் யாராவது கேட்டால் பெட்டியைப் படி என்றுதான் நான் சொல்வேன்.

பார்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. 890இல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் வரும். அந்த எண்ணை வாங்கிய கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்பதைத்தான் 890 காட்டும். பொருள் எங்கே செய்தது, எங்கே விற்பதற்கு என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

சத்தியவேடு அண்ணா, பெட்டியில் என்னென்ன படிக்க வேண்டும்?

சத்தியவேடு (சத்தியவேடு, ஆந்திரா)

இந்தியாவில் விற்கும் பெட்டியில் சட்டப்படி சில விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும். எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, தயாரித்த மாதமும் வருடமும், இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது என்பது, தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளரின் இந்திய முகவரி, வாடிக்கையாளர் புகார் எண். 2011 எடையளவு விதிகளில் வருவது இது. அதோடு இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். சில போன்களில் இது செட்டிங்ஸுக்குள் ரெகுலேட்டரி இன்ஃபர்மேஷன் பகுதியிலும் வரும்.

சாம்சங் பெட்டியில் இன்னும் தெளிவான அடையாளம் உண்டு. எஸ்எம்-எஸ்911பி என்பதோடு நிற்காமல், நிறமும் கொள்ளளவும் சேர்ந்த நீளமான எண் லேபிளில் இருக்கும். அதன் கடைசி மூன்றெழுத்தைப் பாருங்கள். இந்தியப் பெட்டி ஐ-என்-எஸ் என்று முடியும். வளைகுடாப் பெட்டி எம்-இ-ஏ என்று முடியும்.

அபுதாபி ரிட்டர்ன் (மீனாட்சிபுரம்)

அமீரகப் பெட்டியை நான் சொல்கிறேன். எம்ஆர்பி இருக்காது. அரபி எழுத்து இருக்கும். டிஆர்ஏ ரெஜிஸ்டர்ட் என்று அங்கத்துத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பதிவு எண்ணும், பக்கத்திலேயே டீலர் எண்ணும் போட்டிருப்பார்கள். சார்ஜர் வரும் மாடல் என்றால் மூன்று சதுர முள் பிளக். ஆனால் எஸ்23 பெட்டியில் சார்ஜரே கிடையாது, கேபிள் மட்டும்தான். கடைக்காரர் சார்ஜர் காட்டினால் அது தனியாக வாங்கி வைத்தது.

சில சாம்சங் பெட்டிகளில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். முதல் தடவை குறிப்பிட்ட நாடுகளின் சிம்மைப் போட்டு 5 நிமிடமாவது பேசினால்தான் மற்ற நாட்டு சிம் வேலை செய்யும் என்று. அங்கே பயன்படுத்திய போன் என்றால் அது எப்போதோ திறந்திருக்கும். சீல் உடைக்காத போனை ஊருக்குக் கொண்டுவந்து, இங்கத்து சிம் ஏறவில்லை என்று திண்டாடிய சொந்தக்காரர் எனக்கு உண்டு. அதனால் ஊருக்கு வாங்கி வருகிறவர்கள் அங்கேயே சிம் போட்டுப் பேசிவிட்டு வருவது நல்லது.

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

இருவர் சொன்னதும் சரி. இதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். சிஎஸ்சியை ஃபிளாஷ் செய்து, அதாவது மென்பொருளை மறுபடி ஏற்றி, மாற்ற முடியும். எக்ஸ்-எஸ்-ஜி போனை ஐ-என்-எஸ் ஆக்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டியையும் மாற்ற முடியும், காலிப் பெட்டிக்கென்றே சந்தை இருக்கிறது. ஆகவே சாஃப்ட்வேர் மட்டும், பெட்டி மட்டும் என்று எதையும் தனியாக நம்பாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஐஎம்இஐ. *#06# போட்டு வரும் எண், செட்டிங்ஸில் இருக்கும் எண், பெட்டியில் அச்சடித்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், 15 இலக்கமும் படியுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் படியுங்கள்.

அதே எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். இல்லாவிட்டால் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். கறுப்புப் பட்டியலில் இருந்தாலோ, அதே எண்ணில் வேறு போன் ஓடினாலோ தெரிந்துவிடும். அப்படி வந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் வாங்கக் கூடாது. திருட்டுப் போன் பிரச்சினை உங்கள் அப்பா பெயரில் வந்து நிற்கும். ஐஎம்இஐயைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று போகிற குற்றம்.

ஆரியங்காவு (ஆரியங்காவு)

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தலைப்பில் சந்தேகம், ஆனால் ஐபோன். செங்கோட்டையில் ஒருவர் ஐபோன் 14 விற்கிறார். கத்தாரில் இருக்கும் அக்கா மகனும் ஐபோன் 17 அனுப்பட்டுமா என்று கேட்கிறான். இதை எப்படிப் பார்ப்பது?

அபுதாபி ரிட்டர்ன் (மீனாட்சிபுரம்)

ஐபோனில் விஷயம் சுலபம் சேட்டா. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். மாடல் நம்பர் என்று ஒன்று வரும். சாய்வுக்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் சந்தை. எச்-என் என்றால் இந்தியா. எல்-எல் அமெரிக்கா. ஜே ஜப்பான். சி-எச் சீனா. பி இங்கிலாந்து. எக்ஸ் ஆஸ்திரேலியா. கே-எச் கொரியா. வளைகுடாவுக்கு ஏ-இ, ஏ-பி, ஏ-ஏ என்று வருடத்துக்கு வருடம் மாறி வந்திருக்கிறது.

அதே எண்ணின் முதல் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். எம் என்றால் புதிதாகக் கடையில் விற்றது. எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது. என் என்றால் பழுதான போனுக்கு மாற்றாகக் கொடுத்தது. பி என்றால் பெயர் பொறித்துக் கொடுத்தது. விற்பவர் புதுசு வாங்கினேன் என்று சொல்லி, எழுத்து என் என்று இருந்தால் விலை பேசும்போது அதையும் பேசுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு போன். ஐபோன் 14இலிருந்து அமெரிக்க செட்டில் சிம் போடும் இடமே கிடையாது, இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) மட்டும்தான். செங்கோட்டைப் போனில் சிம் ட்ரே இல்லையென்றால் எழுத்தைப் பார்க்காமலே அமெரிக்க செட் என்று சொல்லிவிடலாம். இரண்டு சிம்மும் ஒரே ட்ரேயில் முன்னும் பின்னுமாக ஏறினால் சீனா அல்லது ஹாங்காங் செட்.

கத்தார் விஷயத்தில் கவனம். ஐபோன் 17இல் அந்த ட்ரே இல்லாத முறை அமெரிக்காவோடு நிற்கவில்லை. கத்தார், அமீரகம், சவுதி, குவைத், ஓமன், பஹ்ரைன் ஆறு நாட்டிலும் இசிம் மட்டும்தான். ஜப்பான், கனடா, மெக்சிகோவும் அப்படியே. இந்தியாவில் விற்கும் 17இல் ட்ரே உண்டு. ஐபோன் ஏர் மட்டும் எல்லா நாட்டிலும் இசிம்தான். உங்கள் சிம்மை இசிம்மாக மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் வாங்குங்கள். போனை அடிக்கடி மாற்றி மாற்றி சிம் போடுகிற பழக்கம் இருந்தால், இந்தியாவில் வாங்குவதே நிம்மதி.

அமீரகத்தில் வாங்கிய ஐபோன்கள் ஆப்பிளின் வீடியோ கால் வசதியான ஃபேஸ்டைம் இல்லாமல்தான் பல வருடம் வந்தன. பழைய அமீரக ஐபோன் வாங்குகிறவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜப்பான், கொரியா செட் என்றால் கேமரா சத்தம்.

ஆரியங்காவு (ஆரியங்காவு)

கேமரா சத்தம் என்றால்?

அபுதாபி ரிட்டர்ன் (மீனாட்சிபுரம்)

போனை சைலண்டில் போட்டாலும் போட்டோ எடுக்கும்போது க்ளிக் சத்தம் வரும். திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அந்த இரண்டு நாட்டிலும் அப்படி வைத்திருக்கிறார்கள்.

வாளையார் பையன் (வாளையார்)

ரெட்மிக்கு இதுபோல எழுத்து இருக்கிறதா? நண்பன் ஒருவன் ஆன்லைனில் "க்ளோபல் வெர்ஷன்" என்று வாங்கினான். அப்டேட் போட்டதும் இந்தப் போனில் இந்த மென்பொருளை ஏற்ற முடியாது என்று திரை நின்றுவிட்டது.

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

இருக்கிறது தம்பி. அபவுட் போனில் ஷியாவ்மி மென்பொருளான எம்ஐயூஐ அல்லது ஹைப்பர்ஓஎஸ்ஸின் வெர்ஷன் எண் நீளமாக இருக்கும். கடைசி நான்கு எழுத்தைப் படி. ஐ-என்-எக்ஸ்-எம் இந்தியா. எம்-ஐ-எக்ஸ்-எம் க்ளோபல். சி-என்-எக்ஸ்-எம் சீனா. ஈ-யு-எக்ஸ்-எம் ஐரோப்பா. ஐ-டி-எக்ஸ்-எம் இந்தோனேசியா.

உன் நண்பனுக்கு நடந்தது என் பெஞ்சுக்கு அடிக்கடி வரும் கேஸ். சீனச் சந்தைக்குச் செய்த போனில் பூட்லோடரை (வேறு மென்பொருள் ஏறாமல் தடுக்கும் உள்பூட்டு) திறந்து, க்ளோபல் ரோமை, அதாவது க்ளோபல் மென்பொருளை, ஏற்றி விற்கிறார்கள். உடம்பு சீனா, மேலே போட்ட சட்டை க்ளோபல். பூட்லோடர் திறந்திருக்கும் வரை ஓடும். திரும்பப் பூட்டினாலோ, அப்டேட் வந்து சரிபார்த்தாலோ நின்றுவிடும். ரெட்மி, போக்கோ வாங்குகிறவர்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ் பாருங்கள். திறந்திருக்கிறது என்று வந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். நண்பன் போனைக் கொண்டுவரச் சொல், சீன ரோமையே திரும்ப ஏற்றினால் உயிர் வரலாம்.

ஒன்பிளஸில் மாடல் எண்ணே போதும். ஒன்பிளஸ் 11ஐ எடுத்துக்கொண்டால் சிபிஎச்2447 இந்தியா, சிபிஎச்2449 ஐரோப்பா, சிபிஎச்2451 வட அமெரிக்கா, பிஎச்பி110 சீனா.

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

நேற்று கடைக்குப் போய் வந்தேன். எல்லாரும் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மாடல் எஸ்911பி. பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறது, ஆர் எண் இருக்கிறது, நீளமான எண் ஐ-என்-எஸ் என்று முடிகிறது. போனுக்குள் பார்த்தால் மூன்றில் இரண்டு இடத்தில் எக்ஸ்-எஸ்-ஜி. ஐஎம்இஐ ஒத்துப் பார்த்தேன். பெட்டியில் இருப்பது வேறு எண், போனில் இருப்பது வேறு எண்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "பெட்டி மாறியிருக்கும், போன் நல்ல போன்தான், பெட்டியிலா பேசப் போகிறீர்கள்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்ஃப் செட் என்று சொல்லிக் கல்ஃப் செட் விலைக்கு விற்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

குமுளிக்காரர் (குமுளி)

நல்ல வேலை செய்தீர்கள் தங்கச்சி. ஏழாவது எட்டாவது எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

அந்தப் போனின் ஐஎம்இஐ உங்களிடம் இருந்தால் 14422க்கு ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெட்டி ஏன் மாறியது என்று புரியும்.

ஷார்ஜா மாமா போனைப் பற்றி இனி பேசலாம். கல்ஃப் செட் என்றாலே ஒதுக்க வேண்டிய பொருள் என்று நான் நினைக்கவில்லை. எஸ்911பி எல்லா இடத்திலும் ஒரே பலகை, ஒரே ஸ்னாப்டிராகன் சிப். எல்லா மாடலுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. எஸ்22க்கு ஐரோப்பாவில் எக்ஸினோஸ், இந்தியாவில் ஸ்னாப்டிராகன். எஸ்24 வெளிவந்தபோது இந்தியாவில் எக்ஸினோஸ், அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன். சந்தை மாறினால் சிப்பே மாறும். எஸ்23 வாங்குகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

நெட்வொர்க்கில் பார்க்க வேண்டியது அலைவரிசையும் (பேண்ட்), 4ஜி வழியாகவே கால் பேசும் வசதியான வோல்டீயும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் வோல்டீ வேலை செய்யாத செட்டில் ஜியோ சிம் போட்டால் நெட் வரும், கால் போகாது. அமெரிக்க நெட்வொர்க் கம்பெனிகளுக்கென்று செய்த மலிவு செட்களில் இதுதான் பெரிய தொல்லை. ஜியோ 4ஜி 3, 5, 40 பேண்டில் ஓடுகிறது, 5ஜி என்28, என்78இல். பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 28, 2100இல் பேண்ட் 1. எஸ்911பி இவை அத்தனையும் பிடிக்கும். அப்பாவின் தோப்புக்கு பேண்ட் 28 முக்கியம், மரங்களுக்கு நடுவிலும் நன்றாக ஊடுருவும்.

மாமா வீட்டுக்கு அப்பாவின் இரண்டு சிம்மையும் எடுத்துப் போங்கள். போட்டுப் பேசிப் பாருங்கள். பேசும்போது மேலே 4ஜி அல்லது வோல்டீ குறி நிற்கிறதா, 2ஜிக்கு இறங்குகிறதா என்று கவனியுங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் நின்று சோதிக்காதீர்கள். அங்கே தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் மாறி மாறி இழுக்கும், போன்மேல் தேவையில்லாமல் சந்தேகம் வரும். பிறகு தோப்புக்குள் கொண்டுபோய் ஒரு கால்.

குறை என்று பார்த்தால் இரண்டு. வாரண்டி பொதுவாக வாங்கிய நாட்டோடு சரி. இங்கே சர்வீஸ் சென்டரில் காசு கொடுத்து டிஸ்பிளே, பேட்டரி மாற்றலாம், இலவசம் எதிர்பார்க்கக் கூடாது. 2023இல் வந்த மாடல் என்பதால் இந்தியன் செட் வாங்கினாலும் வாரண்டி அநேகமாக முடிந்திருக்கும். அடுத்தது கால் ரெக்கார்டிங். இந்திய சிஎஸ்சியில் சாம்சங்கின் கால் ஆப்பிலேயே அது இருக்கும். என்னிடம் வந்த துபாய் செட்களில் நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

கடைப் போனின் எண்ணை அனுப்பிப் பார்த்தேன். சாம்சங் எஸ்23 என்று சரியாகத்தான் வருகிறது, கறுப்புப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அங்கே போகப் போவதில்லை.

மாமா போனை வாங்கிவிட்டேன். ஷார்ஜாவில் வாங்கிய பில், பெட்டி, போன் மூன்றிலும் ஐஎம்இஐ ஒன்றாக இருக்கிறது. பெட்டி எம்-இ-ஏ என்று முடிகிறது, டிஆர்ஏ எண் இருக்கிறது, உள்ளே எக்ஸ்-எஸ்-ஜி. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே. ஜியோவில் 5ஜி வந்தது, வோல்டீயில் பேச முடிந்தது. தோப்புக்குள் பிஎஸ்என்எல் 4ஜி எடுக்கிறது. கால் ரெக்கார்டிங் மட்டும் இல்லை. சிஎஸ்சியை ஐ-என்-எஸ் ஆக மாற்றினால் அதுவும் வரும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். செய்யலாமா அண்ணா?

பெஞ்ச்வேலை (கொல்லங்கோடு)

செய்ய வேண்டாம் என்பேன். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். தெரியாதவர் கையில் பாதியில் நின்றால் என்னைப் போன்றவர்களிடம்தான் வர வேண்டியிருக்கும். அப்டேட் இப்போது எக்ஸ்-எஸ்-ஜி வழியாக ஒழுங்காக வருகிறது, அதைக் கெடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. நாளைக்கு இதை நீங்கள் விற்கும்போது பில், பெட்டி, போன் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் வாங்குகிறவர் நம்புவார். மாற்றிவிட்டால் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் சந்தேகப்படுவார்.

அந்த ஷார்ஜா பில்லை ஒரு போட்டோ எடுத்து அப்பா மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். அங்கத்து பில் பல கடைகளில் வெப்பத்தாளில் அடித்தது, கொஞ்ச நாளில் எழுத்து மங்கிப்போகும்.

ஆரியங்காவு (ஆரியங்காவு)

செங்கோட்டை ஐபோன் பார்த்தேன். முதல் எழுத்து என், கடைசியில் எல்-எல், சிம் ட்ரே இல்லை. விற்பவர் எதையும் மறைக்காமல், "அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பியது, மாற்றிக் கொடுத்த போன்" என்று அவராகவே சொன்னார். விலை குறைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஏர்டெல் இசிம் இதில் ஏறுமா?

அபுதாபி ரிட்டர்ன் (மீனாட்சிபுரம்)

ஏர்டெல், ஜியோ, விஐ மூன்றிலும் இசிம் உண்டு. முதலில் அபவுட் பக்கத்திலேயே கேரியர் லாக் என்ற வரியைப் பாருங்கள். "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்க வேண்டும். அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன் என்றால் அந்த நெட்வொர்க்கோடு பூட்டியிருக்கும், இங்கத்து எந்த இசிம்மும் ஏறாது. அந்த வரி சரியாக இருந்தால் பணம் கொடுங்கள் சேட்டா. அதோடு விற்பவரின் ஆப்பிள் கணக்கை அவர் கையாலேயே வெளியேற்றச் சொல்லிவிட்டு, தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை அணைந்திருப்பதையும் பார்த்துவிடுங்கள்.